சிங்கப்பூர் வெள்ளி பிறந்த கதை

ஜொகூர் பாருவில் பணமாற்றுக் கடைப் பலகைகளில் இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். பாலத்தைக் கடந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் லட்சக்கணக்கான மலேசியர்களின் வீட்டுக் கணக்கு அந்தப் பலகையில்தான் தொடங்குகிறது. 1973 மே மாதம் வரை இந்தக் கணக்குக்கே வேலையில்லை. அங்கே ஒரு வெள்ளி என்றால் இங்கேயும் ஒரு வெள்ளி, மாற்றுக்கூலியும் கிடையாது. இன்னும் ஆறு ஆண்டு பின்னால் போனால், 1967 ஜூனுக்கு முன்பு, இரு கரையிலும் புழங்கியது ஒரே நோட்டு.

அந்த ஒரே நோட்டு எப்படிப் பிளந்தது என்பது, ஒரு கூட்டாட்சியிலிருந்து விலகுவது லாபமா நஷ்டமா என்ற சண்டையின் நடுவில் நடந்த கதை. சண்டை இன்னும் ஓயவில்லை. பிரிந்ததால்தான் சிங்கப்பூர் செழித்தது என்பவர்களும், பிரிந்ததால் இரண்டு நாடுகளும் இழந்தன என்பவர்களும் தங்கள் சாட்சியாக இந்த வெள்ளியைத்தான் கூப்பிடுகிறார்கள். வெள்ளி பிறந்த விதத்தைப் பார்த்தால் இரண்டு தரப்புக்குமே அது அவ்வளவு எளிதில் சாட்சி சொல்லாது என்பது என் கருத்து.

பணத்தின் பேரில் ஓர் ஆட்சியிலிருந்து விலகுவது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் அந்தத் துறைமுகம் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. கல்கத்தா தன் கணக்கை ரூபாயில் எழுதியது. துறைமுகத்தில் கொடுக்கல் வாங்கல் ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர்களில் நடந்தது. 1855இல் ரூபாய் நாணய முறையை அங்கே திணிக்கக் கல்கத்தா முயன்றபோது வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். இந்தியாவிலிருந்து எங்களைப் பிரித்து விடுங்கள் என்று 1857இல் லண்டனுக்கு மனுப் போனதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு. 1867 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து விலகி நேரே லண்டனின் கீழ்ப் போயின. ரூபாய் போய் டாலர் சட்டப்படியான பணமானது. அங்குள்ள தமிழர் வாயில் இன்றுவரை வழங்கும் ‘வெள்ளி’ அந்த வெள்ளி நாணயங்களின் மிச்சம்.

1906இல் நீரிணை வெள்ளிக்கு ஒரு விலை வைத்தார்கள்: இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளைத் தவிர்த்து, அறுபது ஆண்டுக் காலம் இந்த விலை அசையவில்லை. அசையாததற்குக் காரணம் நாணய வாரியம் என்ற ஏற்பாடு. வாரியத்துக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்றும் கிடையாது. லண்டனில் ஸ்டெர்லிங் பவுன் கட்டினால் இங்கே வெள்ளி நோட்டு வெளியே வரும். நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் லண்டனில் பவுன் கிடைக்கும். பவுன் கட்டாமல் ஒரு நோட்டுகூட அச்சாகாது. எந்த அமைச்சர் வந்து கேட்டாலும் கடனுக்கு நோட்டு அடித்துத் தர அந்த வாரியத்தால் முடியாது.

நடுவில் வந்த ஜப்பானியர் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். வாழைமரப் படம் போட்ட நோட்டை அளவின்றி அச்சடித்தார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டுக் கட்டுகள் வெறும் காகிதமாயின. பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தவன் மறுநாள் பிச்சைக்காரனான காட்சியைக் கண்ட தலைமுறைதான் இருபது ஆண்டு கழித்துச் சிங்கப்பூரை ஆள வந்தது. இதை மறந்துவிட்டு 1967இன் முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

1963 செப்டம்பர் 16 அன்று மலேயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் சேர்ந்து மலேசியா ஆயின. சிங்கப்பூர் சேர்ந்ததன் பெரிய பொருளாதாரக் காரணம் பொதுச் சந்தை. சின்னத் தீவில் ஆலை கட்டினால் சரக்கை யாருக்கு விற்பது? சுங்கவரி இல்லாமல் மலேசியா முழுவதும் விற்கலாம் என்றால் ஜூரோங்கின் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை அமைப்பதற்குப் பொருள் உண்டு. உலக வங்கியின் சார்பில் பிரெஞ்சுப் பொருளியலாளர் ஜாக் ரூயெஃப் தலைமையில் வந்த குழுவும் பொதுச் சந்தையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. பதிலுக்குச் சிங்கப்பூர் தன் வரி வருவாயில் 40 சதவீதத்தைக் கூட்டாட்சிக்குத் தர வேண்டும், போர்னியோ மாநிலங்களுக்கு 15 கோடி வெள்ளி கடன் தர வேண்டும் என்று உடன்பாடு.

ஒன்றும் சொன்னபடி நடக்கவில்லை. பொதுச் சந்தை ஏட்டோடு நின்றது. கூட்டாட்சி நிதியமைச்சர் டான் சியூ சின் 1964 இறுதியில் 40ஐ 60 ஆக்கக் கேட்டார். அவர் பட்ஜெட்டில் கொண்டுவந்த விற்றுமுதல் வரியும் சம்பள வரியும் சிங்கப்பூரையே அதிகம் கடிக்கும் என்று தீவில் ஆத்திரம். கோலாலம்பூரின் பார்வையில், பணக்காரத் துறைமுகம் ஏழைக் கம்பங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க மறுத்தது. சிங்கப்பூரின் பார்வையில், சந்தையைத் தராமலே கூலியை மட்டும் கேட்டார்கள். எதிரெதிரே நின்ற இருவர், டான் சியூ சின்னும் சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீயும், மலாக்காவின் பெரனாக்கான் சீனர்கள், தாய்வழியில் உறவினர்கள். உறவு பேச்சுவார்த்தை மேசையில் எந்தச் சலுகையும் வாங்கித் தரவில்லை.

இன வேறுபாட்டு அரசியலும் 1964 கலவரங்களும் இதற்கு மேல் வந்து சேர்ந்தன. 1965 ஆகஸ்ட் 9 காலை கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126க்குப் பூஜ்யம் என்ற வாக்கில் சிங்கப்பூரைப் பிரித்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வெளியேற்றினார் என்பதே நெடுநாள் சொல்லப்பட்ட கதை. அதற்கு முந்தைய வாரங்களில் மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்குடன் அமர்ந்து, முழுதாகப் பிரிந்துவிடுவோம் என்ற முடிவைக் கோ கெங் சுவீயே வடிவமைத்தார் என்பது பின்னால் வெளிவந்தது. அவர் அந்தக் கோப்புக்கு ‘அல்பட்ராஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். மலேசியா என்ற இணைப்பு கழுத்தில் தொங்கிய பாரம் என்று நிதியமைச்சரே கணித்துவிட்டார் என்றால், பொருளாதாரத்தைக் காட்டி யாரும் அவரைத் தடுத்திருக்க முடியாது.

ஊர் அப்படி ஒருமனதாக இல்லை. சைனாடவுனில் வியாபாரிகள் பட்டாசு வெடித்தார்கள். அன்றே தொலைக்காட்சியில் பிரதமர் லீ குவான் இயூ பேச முடியாமல் கண் கலங்கினார். பாரிசான் சோசியலிஸ் கட்சி இதைப் போலிச் சுதந்திரம் என்றது. தீவின் மக்கள்தொகை அப்போது 19 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. குடிதண்ணீர் ஜொகூரிலிருந்து வந்தது. இந்தோனேசியா நடத்திய ‘கொன்ஃப்ரொன்தாசி’ மோதலால் அதனுடனான இடைவாணிபம் அறுந்து கிடந்தது. மலேசியச் சந்தை இனி வேற்று நாட்டுச் சந்தை. பிரிவுக்குப் பின் இரு நாடுகளும் ஒன்றன் சரக்கை மற்றது கட்டுப்படுத்தத் தொடங்கின. ஜூரோங்கைப் பலர் ‘கோவின் கிறுக்குத்தனம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இத்தனைக்கும் நடுவே பணம் மட்டும் பொதுவாகவே இருந்தது. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியத்தின் நோட்டுதான் இரண்டு நாடுகளிலும், புருணையிலும் புழங்கியது. அரசியலில் பிரிந்தாலும் பணத்தில் ஒன்றாக இருப்போம் என்று இரு அரசுகளும் உண்மையாகவே விரும்பின. ஜொகூரின் ரப்பரும் அன்னாசியும் சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறின. வங்கிகளுக்குப் பாலத்தின் இருபுறமும் கிளைகள். பங்குச் சந்தை ஒன்றே. பணம் பிளந்தால் இவை எல்லாவற்றிலும் கீறல் விழும் என்று இரு பக்கத்து வணிகர்களுக்கும் தெரியும்.

ஆனாலும் பழைய ஏற்பாடு அப்படியே நீடிக்க வழியில்லை. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1959இலேயே தொடங்கப்பட்டிருந்தும், நோட்டு வெளியிடும் உரிமை அதன் கையில் இல்லை. காலனி காலத்து வாரியத்தை மூடிவிட்டு அந்த உரிமையைத் தன் வங்கிக்குத் தர மலேசியா பிரிவுக்கு முன்பே முடிவு செய்திருந்தது. சிங்கப்பூர் மலேசியாவுக்குள் இருந்தவரை இதில் சிக்கல் எழவில்லை. வெளியே வந்தபின், அயல்நாட்டின் மத்திய வங்கி அடிக்கும் நோட்டைத் தன் பணமாக ஏற்பதா என்று சிங்கப்பூர் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

1966இல் மாதக்கணக்கில் பேசினார்கள். பன்னாட்டு நிதியத்தின் வல்லுநர்களும் உதவினர். பெரும்பாலும் முடிந்தும் விட்டது: ஒரே நோட்டு, அதை வெளியிடுவது பேங்க் நெகாரா, அதற்குச் சிங்கப்பூரில் ஒரு கிளை, சிங்கப்பூரின் சொத்தும் பொறுப்பும் தனிப் பேரேட்டில் எழுதப்படும். கடைசியில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். லண்டனில் கிடக்கும் ஸ்டெர்லிங் கையிருப்பில் சிங்கப்பூருக்கு உரிய பங்கு சட்டப்படி யார் பெயரில் இருக்கும்?

சிங்கப்பூருக்காகப் பேசியவர், பிரிவுக்குப் பின் கோவின் இடத்தில் நிதியமைச்சரான லிம் கிம் சான். பேரேட்டில் தனியாக எழுதினால் போதாது, நாளை உறவு கெட்டால் எங்கள் பங்கு எங்கள் கைக்கு வந்து சேரும் என்பதற்குச் சட்டப் பிடி வேண்டும் என்பது அவர் அரசின் நிலை. டான் சியூ சின்னின் பதிலிலும் நியாயம் இருந்தது. ஒரு மத்திய வங்கிக்கு இரண்டு எஜமானர்கள் இருக்க முடியாது. ஒரு நாட்டின் வங்கிக்குள் இன்னொரு நாட்டின் பெயரில் ஒரு தனி அறையைச் சட்டமாக எழுதிக் கொடுத்தால் அந்த வங்கியின் இறையாண்மை என்ன ஆவது? சிங்கப்பூர் எழுத்தாளர்கள் சிலர் டானைப் பிடிவாதக்காரராகவே வரைவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐரோப்பாவில் யூரோ வந்தபோது பல நாடுகள் எந்த முடிச்சில் சிக்கித் திணறினவோ, அதே முடிச்சை அவர் முன்கூட்டியே தொட்டார். பொதுப் பணத்துக்குப் பொது அதிகாரம் வேண்டும். பிரிந்து ஒரு வருடம்கூட நிறையாத இரண்டு அரசுகளுக்குள் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

1966 ஆகஸ்ட் 17 அன்று, தனித்தனிப் பணம் வெளியிடப் போவதாக இரு அரசுகளும் அறிவித்தன. பிறகு யாரால் முறிந்தது என்று மாறி மாறி அறிக்கைகள். படித்தால் இரண்டிலும் வருத்தம் தெரிகிறது. பிளவை விரும்பிச் செய்தவர்களின் எழுத்தாக அவை இல்லை.

அடுத்து சிங்கப்பூர் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. விடுதலை பெற்ற புது நாடுகள் எல்லாம் கொடி, கீதம், மத்திய வங்கி என்று வரிசையாக அமைத்துக்கொண்டிருந்த காலம். சிங்கப்பூர் மத்திய வங்கி அமைக்கவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப் போன பழைய நாணய வாரியத்தையே 1967 ஏப்ரலில் தன் பெயரில் திரும்ப நிறுவியது. புழக்கத்தில் விடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் நூற்றுக்கு நூறு வெளிநாட்டுச் சொத்தோ தங்கமோ இருப்பில் இருக்க வேண்டும். இதற்கு எதிராகப் பேசியவர்களின் வாதம் இலேசானதல்ல: வேலையின்மை தலைவிரித்தாடும்போது நாட்டின் சேமிப்பை லண்டனில் முடக்கி வைப்பது ஏன்? கடன் பெருக்கித் தொழில் வளர்க்கக் கூடாதா? லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்ற கோ கெங் சுவீ அந்த வாதங்களை நன்கு அறிந்தவர். அறிந்தேதான் மறுத்தார். நோட்டடிக்கும் இயந்திரம் அரசியல்வாதியின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதி. அவரே ஓர் அரசியல்வாதி என்பதால் தன் கையையும் சேர்த்தே கட்டினார்.

1967 ஜூன் 12 அன்று புதுப் பணம் வெளிவந்தது. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே நாளில் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. மூன்றும் சமவிலை, எங்கும் செல்லும் என்று உடன்பாடும் செய்துகொண்டன. சிங்கப்பூர் நோட்டுகளில் ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்க்கிட் பூ. ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறம் சிங்கப்பூர் ஆறு. பத்து வெள்ளியில் கோத்துப் பிடித்த நான்கு கைகள். ஒரு வெள்ளி நோட்டைத் திருப்பினால் அடுக்குமாடி வீடுகள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் டாங்ளின் ஹால்ட்டில் கட்டியவை. முதல் நோட்டுகளில் கையெழுத்திட்ட லிம் கிம் சான்தான் அந்தக் கழகத்தின் முதல் தலைவர். ராஜா ராணி படம் போட்டுப் பழகிய பணத்தில், குடிசையிலிருந்து வந்தவன் குடியேறிய வீட்டை அச்சிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ நோட்டுகள் அழகானவை. இந்த ஒரு வெள்ளி நோட்டு எனக்கு அவற்றைவிட நெருக்கமானது.

ஐந்தே மாதத்தில் சோதனை வந்தது. 1967 நவம்பர் 18 அன்று பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. புதுப் பணங்கள் பவுனுடன் சேர்ந்து இறங்க மறுத்தன. பழைய வாரியத்தின் நோட்டோ ஸ்டெர்லிங்கில் கட்டப்பட்டது, அது மட்டும் இறங்கியது. அதுவரை புதிய வெள்ளிக்குச் சமமாகப் புழங்கிய பழைய வெள்ளி ஒரே இரவில் 85 காசு ஆனது. வங்கிப் பக்கம் போகாமல் பானையிலும் பெட்டியிலும் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகள்தான் அதிகம் அடிபட்டார்கள். பினாங்கில் தொழிலாளர் கட்சி அழைத்த ஹர்த்தால் கலவரமாக மாறி உயிர்கள் போயின. பணம் பிரிவதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அந்த வாரம் காட்டியது. விலகலின் லாப நஷ்டத்தைச் சதவீதத்தில் எண்ணும் கட்டுரைகளில் இவர்கள் வருவதில்லை.

அதன்பின் கோ ஸ்டெர்லிங்கை நம்பவில்லை. 1968இல் தென்னாப்பிரிக்காவிடமிருந்து 100 டன் தங்கம் சத்தமில்லாமல் வாங்கப்பட்டதை, அவருடன் பணியாற்றிய அதிகாரி ஞாம் டோங் டாவ் பிற்காலத்தில் சொன்னார்.

அதே 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைத்தளங்களைக் காலி செய்வதாக அறிவித்தது. தீவின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் இனி வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினர். அந்த ஆண்டு வந்த வேலைச் சட்டம் தொழிலாளியின் விடுமுறையையும் சலுகைகளையும் வெட்டியது. அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் ஆலை திறந்ததற்கு வலுவான வெள்ளி ஒரு காரணம் என்றால், வாய் திறக்காத தொழிலாளி இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் கொண்டாடுவது நேர்மையல்ல.

சமவிலை உடன்பாடு 1973 மே 8 வரை உயிரோடிருந்தது. உலகப் பணச் சந்தைகள் ஆட்டம் கண்ட அந்த வசந்தத்தில் மலேசியா அதிலிருந்து விலகியது. கூட்டு விமான நிறுவனம் முந்தைய ஆண்டே பிரிந்திருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் முதல் தலைவரான ஜே. ஒய். பிள்ளை மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர் என்பதே எத்தனை நெருங்கிய பிளவு இது என்று சொல்லும். பணம் பிரிந்ததும் பங்குச் சந்தையும் இரண்டானது. இரு வெள்ளிகளுக்கும் இடையே விலை வித்தியாசம் அதன்பிறகே தோன்றி, ஆண்டுக்காண்டு மெல்ல அகன்று, 1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் நன்றாக விரிந்தது.

பிரிந்து எட்டு ஆண்டுகள் சமமாகவே இருந்தவை பிறகு விலகின என்றால், விலகலின் காரணத்தை 1965இல் தேடுவது தவறு. ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு செலவு செய்தார்கள், எவ்வளவு சேமித்தார்கள், விலைவாசியை எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் விவாதம் நடந்தபோது ‘தேம்ஸ் கரையில் ஒரு சிங்கப்பூர்’ என்ற பேச்சு அடிபட்டது. விலகியதும் செழிப்பு தானாக வரும் என்பதற்கு உதாரணமாகச் சிங்கப்பூரைக் காட்டினால் அது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். சிங்கப்பூர் பொதுச் சந்தையைத் தேடிப்போய்க் கூட்டாட்சியில் சேர்ந்தது. அதை இழந்தபோது துடித்தது. பொதுப் பணத்தைக் காப்பாற்ற ஓராண்டு முயன்றது.

1967இல் மூன்று நாடுகள் செய்துகொண்ட அந்தச் சமவிலை உடன்பாடு முற்றாகச் செத்துவிடவும் இல்லை. மலேசியா போன பின்னும் சிங்கப்பூரும் புருணையும் அதைத் தொடர்ந்தன. 2017இல் அதன் ஐம்பதாம் ஆண்டுக்கு இரு நாடுகளும் 50 வெள்ளி நினைவு நோட்டு வெளியிட்டன. மலேசியாவில் ஒருநாளும் சேராத புருணையின் கடைகளில் சிங்கப்பூர் வெள்ளி இன்றும் ஒன்றுக்கு ஒன்று செல்கிறது.